மண் பரிசோதனையும் விவசாயியின் நம்பிக்கையும்

நெல் வயலுக்கு எவ்வளவு பசளை இடுவது என்பதை மண்ணைப் பரிசோதித்த பின்னரே தீர்மானிக்க வேண்டும் என்ற ஆலோசனை எமது விவசாயிகளுக்குப் புதியதொன்றல்ல. விவசாயத் திணைக்களம் நீண்டகாலமாக இதனை வலியுறுத்தி வருகின்றது. பல்கலைக்கழகங்களின் விவசாய பீடங்களும் இதனையே கூறுகின்றன. ஆயினும் அம்பாறையிலோ மட்டக்களப்பிலோ கிளிநொச்சியிலோ மன்னாரிலோ விதைப்புக்குத் தயாராகும் ஒரு விவசாயியிடம், இம்முறை ஏக்கருக்கு எத்தனை மூடை யூரியா இடப்போகின்றீர்கள், அதனை எவ்வாறு தீர்மானித்தீர்கள் என்று வினவினால், மண் பரிசோதனை அறிக்கையை எடுத்துக் காட்டுபவர்கள் மிகச் சிலராகவே இருப்பர். சென்ற போகத்தில் இட்ட அளவு, அயல் வயற்காரர் இடும் அளவு, பசளைக் கடைக்காரர் சொல்லும் அளவு, கையிலுள்ள பணத்துக்குக் கிடைக்கும் அளவு ஆகிய நான்குமே பெரும்பாலும் அந்தத் தீர்மானத்தை எடுக்கின்றன.

இதனை விவசாயியின் அறியாமை என்று கூறிவிட்டு ஒதுங்கிக்கொள்வது இலகுவானது. ஆனால் அது உண்மையாகாது. தலைமுறை தலைமுறையாக அந்த மண்ணில் கால் பதித்து நிற்பவர் அதனை அறியாதவர் அல்லர். எந்தத் துண்டில் நீர் தேங்கும், எந்த மூலையில் உப்புப் பூக்கும், எந்த வரம்போரத்தில் பயிர் மஞ்சளிக்கும் என்பது அவருக்குத் தெரியும். அவ்வாறிருந்தும் மண் பரிசோதனை ஆலோசனை அவரது மனப்பாங்கிலும் நடைமுறையிலும் எதிர்பார்த்த மாற்றத்தை ஏற்படுத்தவில்லையாயின், அதற்கான காரணத்தை அவரிடம் மாத்திரமன்றி, ஆலோசனை வழங்கும் முறையிலும் அதற்குச் சமாந்தரமாக அரசாங்கங்கள் பின்பற்றி வந்த பசளைக் கொள்கையிலும் தேட வேண்டும் என்பதே எமது நிலைப்பாடாகும்.

முதலில் மண் பரிசோதனை எதனைச் சொல்கின்றது, எதனைச் சொல்வதில்லை என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்வது அவசியம். வயலின் எட்டுப் பத்து இடங்களில் ஏறத்தாழ 15 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு மண்ணை எடுத்து, ஒன்றாகக் கலந்து, அதிலிருந்து அரைக் கிலோ அளவில் ஆய்வுகூடத்துக்கு அனுப்பினால், மண்ணின் அமில காரத்தன்மை, உப்புத்தன்மை, சேதனப் பொருளின் அளவு, பயிருக்குக் கிடைக்கக்கூடிய பொசுபரசு, பொட்டாசியம் ஆகியவற்றை அறிந்துகொள்ள முடியும். தேவையாயின் நாகம் போன்ற நுண்மூலகங்களையும் அளக்கலாம். இவற்றுள் பொசுபரசு பற்றிய தகவல் நெல் விவசாயிக்கு நேரடியான பணப் பெறுமதி உடையது. நெற்பயிர் எடுத்துக்கொள்ளும் பொசுபரசின் அளவு குறைவு. மிகுதி மண்ணுடன் பிணைந்து போகத்துக்குப் போகம் சேர்ந்துகொண்டே செல்கின்றது. பல தசாப்தங்களாக ரீ.எஸ்.பி. இடப்பட்டு வந்த வயல்களில் அது ஒரு சேமிப்புக் கணக்குப் போல இருந்து வருகின்றது. அந்தக் கணக்கில் எவ்வளவு இருக்கின்றது என்று பாராமலே மீண்டும் மீண்டும் பணம் இடுவதைப் போன்றதுதான் பரிசோதனையின்றி ரீ.எஸ்.பி. இடுவதும். 2013 ஆம் ஆண்டில் திணைக்களம் தனது நெற்செய்கைக்கான பசளைச் சிபாரிசைத் திருத்தியபோது, மண்ணில் சேர்ந்துள்ள பொசுபரசைக் கருத்திற்கொண்டே செயற்பட்டது.

யூரியாவின் விடயம் வேறு. வயலில் இடும் யூரியாவிலுள்ள நைதரசனில் பாதிக்கும் குறைவான பகுதியையே நெற்பயிர் பொதுவாக எடுத்துக்கொள்கின்றது. எஞ்சியது வளியில் கலக்கின்றது. நீருடன் வடிந்து செல்கின்றது. இவ்வளவு விரைவாக மாறும் ஒன்றை விதைப்புக்கு முன்னர் எடுத்த மண் மாதிரியைக் கொண்டு துல்லியமாகச் சிபாரிசு செய்ய இயலாது. ஆகவேதான் பயிர் வளரும் காலத்தில் இலையின் பச்சை நிறத்தை ஒரு பிளாஸ்டிக் அட்டையிலுள்ள நிறப் பட்டைகளுடன் ஒப்பிட்டு, தேவை ஏற்படும்போது மாத்திரம் யூரியாவைத் தவணை முறையில் இடும் இலை நிற அட்டவணை அறிமுகப்படுத்தப்பட்டது. பங்களாதேசில் இந்த அட்டவணையையும் எளிய பயிற்சியையும் விவசாயிகளுக்கு வழங்கிப் பரீட்சித்த ஆய்வொன்றில் யூரியாப் பாவனை 8 வீதமளவில் குறைந்தது, விளைச்சல் குறையவில்லை. எமது விவசாயிகள் தேவைக்கு மேலாக இடுவதாகக் கூறப்படும் பசளை பிரதானமாக யூரியாவே. அவ்வாறிருக்க, மண் பரிசோதனை அறிக்கையை மாத்திரம் கையில் கொடுத்துவிட்டு யூரியாவைக் குறைக்கவில்லை என்று அவர்களைக் குறைகூறுவதில் நியாயமில்லை. இரண்டும் இணைந்து செல்ல வேண்டும்.

விவசாயியின் மனதில் பசளை என்பது வெறும் போசணை அன்று. அது ஒரு காப்புறுதி. நகையை அடகு வைத்தோ, அறுவடையில் தீர்ப்பதாகச் சொல்லிக் கடன் பெற்றோ வயலில் இறங்குபவருக்கு அந்த ஒரு போகம் பிழைத்தால் அதனை ஈடுசெய்ய வேறு வழியில்லை. ஒரு மூடை யூரியாவைக் கூடுதலாக இட்டால் இழப்பது அதன் விலை மாத்திரமே. குறைவாக இட்டு விளைச்சல் வீழ்ந்தால் இழப்பது முழு வருடத்தின் வாழ்வு. இவ்வாறு கணக்கிடுபவரை அறிவற்றவர் என்று கூற முடியாது. கருகருவென்று பச்சை கட்டி நிற்கும் வயலே நல்ல வயல் என்ற எண்ணமும் ஊரில் ஆழமாக வேரூன்றியுள்ளது. ஆனால் அந்த மிதமிஞ்சிய பச்சைக்கும் ஒரு விலை உண்டு. நைதரசன் மிகுந்த பயிர் காற்றுக்கும் மழைக்கும் சாய்கின்றது. எரிபந்த நோய் அதனை எளிதில் பற்றுகின்றது. கிழக்கிலே அறக்கொட்டியான் என்று அழைக்கப்படும் கபிலநிறத் தத்தியும் அதனையே நாடுகின்றது. பின்னர் அதற்கென மருந்து வாங்க வேண்டியுள்ளது. காப்புறுதி என்று எண்ணிச் செய்த செலவே புதிய ஆபத்தை அழைத்து வருகின்றது என்பதை விவசாயிக்கு அவரது வயலிலேயே காட்டுவதில் விரிவாக்கச் சேவை போதிய வெற்றி பெறவில்லை என்றே கூற வேண்டும்.

இதற்கிடையில் அரசாங்கங்கள் விவசாயிக்குக் கற்பித்த பாடம் என்ன? பசளை மானியம் இந்நாட்டில் 1962 ஆம் ஆண்டு ஆரம்பிக்கப்பட்டது. 2005 ஆம் ஆண்டு ஜனாதிபதித் தேர்தலின்போது 50 கிலோகிராம் பசளை மூடை 350 ரூபாவுக்கு வழங்கப்படும் என்ற வாக்குறுதி அளிக்கப்பட்டு, பின்னர் அது நடைமுறைக்கும் வந்தது. 2016 ஆம் ஆண்டில் மூடைக்குப் பதிலாகப் பணக் கொடுப்பனவு அறிமுகமானது. 2018 இல் மீண்டும் மூடை வந்தது. விலை 500 ரூபா. 2020 இல் நெல் விவசாயிகளுக்கு அது இலவசமாக்கப்பட்டது. மானியத்தால் சிறிய விவசாயிகள் பெற்ற நன்மையை நாம் மறுக்கவில்லை. ஆனால் பரப்பளவைக் கணக்கிட்டு, எல்லா மண்ணுக்கும் ஒரே அளவில் மூடைகளை வழங்கும் ஒரு முறைமை இயங்கிக்கொண்டிருக்கும்போது, உமது மண்ணுக்கு இந்தளவு போதும் என்று கூறும் ஒரு தாளுக்கு என்ன மதிப்பு இருக்க முடியும்? மலிவாகவோ இலவசமாகவோ கிடைத்த மூடையை வேண்டாம் என்று எவரும் திருப்பிக் கொடுக்கப் போவதில்லை. ஒரு கையால் அளந்து இடுமாறு கூறிய அரசு, மறு கையால் அள்ளிக் கொடுத்தது.

அதன் பின்னர் வந்தது 2021 ஆம் ஆண்டு. அவ்வாண்டு மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி வர்த்தமானி மூலம் ஒரேயடியாகத் தடை செய்யப்பட்டது. சேதனப் பசளைக்கு மாறுவதற்கான ஆயத்தம் எதுவுமிருக்கவில்லை. அதற்குக் கூறப்பட்ட காரணங்களுள் சிறுநீரக நோயும் ஒன்று. வடமத்திய மாகாணம் முதலான பகுதிகளை வாட்டிவரும் அந்நோய்க்கான காரணம் பற்றி விஞ்ஞானிகளிடையே இன்னமும் ஒருமித்த முடிவு இல்லை. நவம்பர் மாதத்தில் தடை நீக்கப்பட்டபோது பெரும்போகத்துக்குக் காலம் கடந்துவிட்டிருந்தது. 2021/22 பெரும்போக நெல் உற்பத்தி முந்திய பெரும்போகத்துடன் ஒப்பிடுகையில் மூன்றிலொரு பங்குக்கும் மேலாக வீழ்ச்சியடைந்தது. விளைந்த நெல்லை விற்று வாழ்ந்த குடும்பங்கள் அரிசிக் கடையில் வரிசையில் நின்றன.

இத்தடை விளைச்சலை மாத்திரம் வீழ்த்தவில்லை. நிபுணர்களின் ஆலோசனை மீது விவசாயிக்கு எஞ்சியிருந்த நம்பிக்கையையும் வீழ்த்தியது. பசளையைக் குறையுங்கள் என்ற சொல்லைக் கேட்டதும் அவருக்கு 2021 நினைவுக்கு வருகின்றது. உண்மையில் அத்தடை மண் பரிசோதனையின் போதனைக்கு நேர் எதிரானது. மண் பரிசோதனை ஒவ்வொரு வயலையும் தனித்தனியாகப் பார்க்கச் சொல்கின்றது. தடையோ நாட்டின் எல்லா வயல்களையும் ஒன்றாகவே பார்த்தது. எனினும் வயலில் நின்று நோக்குபவருக்கு இரண்டும் அலுவலகத்திலிருந்து வரும் ஒரே குரலாகவே கேட்கின்றன. இந்த ஐயத்தைக் களையாமல் எத்தனை ஆய்வுகூடங்களைத் திறந்தாலும் பயன் சொற்பமாகவே இருக்கும்.

அயல் நாடான இந்தியாவின் அனுபவமும் இவ்விடத்தில் கவனிக்கத்தக்கது. 2015 பெப்ரவரியில் ராஜஸ்தான் மாநிலத்தில் ஆரம்பித்து வைக்கப்பட்ட மண்வள அட்டைத் திட்டத்தின் கீழ் அந்நாடு கோடிக்கணக்கான அட்டைகளை விவசாயிகளுக்கு வழங்கியது. ஒவ்வொன்றிலும் மண்ணின் 12 குணங்கள் பற்றிய விபரம் இருந்தது. இதனால் இரசாயனப் பசளைப் பாவனை 8 முதல் 10 வீதம் வரை குறைந்து, விளைச்சல் 5 முதல் 6 வீதம் வரை கூடியதாக அந்நாட்டுத் தேசிய உற்பத்தித்திறன் சபையின் ஆய்வு 2017 இல் கூறியது. ஆனால் பீகார் மாநிலத்தில் விவசாயிகளை இரு குழுக்களாகப் பிரித்து நடத்தப்பட்ட பரீட்சார்த்த ஆய்வொன்று வேறுவிதமான முடிவைத் தந்தது. மண்ணைப் பரிசோதித்து, வயலுக்கேற்ற சிபாரிசையும் கையில் கொடுத்த பின்னரும் பசளைப் பாவனையில் குறிப்பிடத்தக்க மாற்றம் ஏற்படவில்லை. சிபாரிசு சரிவரப் புரியாமையும் பரிசோதனை முடிவில் நம்பிக்கையின்மையும் காரணங்களாகக் கண்டறியப்பட்டன. இந்திய அட்டைத் திட்டத்தில் நீர்ப்பாசன நிலமாயின் 2.5 ஹெக்டேயருக்கும் மானாவாரி நிலமாயின் 10 ஹெக்டேயருக்கும் ஒரு மாதிரி என்ற கணக்கில் மண் எடுக்கப்பட்டது. அயலாரின் வயலில் எடுத்த மண்ணுக்குத் தமது வயலில் ஏன் பசளையை மாற்ற வேண்டும் என்று ஒரு சிறு விவசாயி கேட்டால் அக்கேள்வி நியாயமானதே. அட்டைகளின் எண்ணிக்கையை வெற்றியின் அளவுகோலாகக் கொள்வதால் வரும் ஆபத்து இதுதான். நாமும் அதே தவறைச் செய்யக்கூடாது.

எமது பிரதேசங்களின் மண் ஒரே தன்மையுடையதல்ல என்பதையும் இங்கு நினைவூட்ட விரும்புகின்றோம். முருங்கன் பகுதியின் கருங்களி மண்ணும், இரணைமடுக் குளத்தின் கீழுள்ள வயல் மண்ணும், மட்டக்களப்புக் கரையோரத்தின் மணல் கலந்த மண்ணும், சம்மாந்துறை, அக்கரைப்பற்று வட்டைகளின் மண்ணும் வெவ்வேறானவை. காரத்தன்மை மிகுந்த மண்ணில் நாகக் குறைபாடு ஏற்படும்போது எவ்வளவு யூரியா இட்டாலும் பயிர் தேறாது. சிறிதளவு நாக சல்பேற்று அவ்வேலையைச் செய்துவிடும். களப்பை அண்டிய உவர் வயலில் பசளை மூடை அல்ல, நல்ல நீரும் வடிகாலுமே மருந்து. அறுவடை இயந்திரம் விட்டுச் செல்லும் வைக்கோலைத் தீயிட்டால் பயிர் எடுத்த பொட்டாசியத்தின் பெரும்பகுதி அந்த வயலுக்கு ஒழுங்காகத் திரும்பாது போகின்றது. வைக்கோலை வயல் முழுவதும் பரப்பி உழுதுவிட்டால் பொட்டாசுப் பசளைக்கான செலவின் ஒரு பகுதியை மீதப்படுத்தலாம். மண் பரிசோதனை என்பது எப்போதும் குறைக்கச் சொல்வதன்று. சில இடங்களில் கூட்டவும், சில இடங்களில் மாற்றவும் அது சொல்லும். குறையுங்கள் என்பதை மாத்திரம் திரும்பத் திரும்பக் கேட்ட விவசாயி, இங்கே இன்னும் சற்று இடுங்கள் என்று அதே அறிக்கை கூறக் கேட்கும்போதுதான் அது தமக்காகவே பேசுகின்றது என்று நம்பத் தொடங்குவார்.

மண்ணை அளந்தாலன்றி விடை கிடைக்காத கேள்விகள் எமது மக்களுக்கு ஏற்கனவே எழுந்ததுண்டு. 2004 டிசம்பர் 26 ஆம் திகதி ஆழிப்பேரலையால் கரையோர வயல்களில் கடல்நீர் புகுந்தபோது, மீண்டும் விதைக்கலாமா என்ற கேள்விக்கு உப்புத்தன்மையை அளந்தே பதில் கூற வேண்டியிருந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியுடன் வந்த வெள்ளம் நாட்டின் பல மாவட்டங்களில் வயல்களை மூழ்கடித்தது. மணலும் வண்டலும் படிந்த ஒரு வயல் முன்னைய வயல் அன்று. அதற்குப் பழைய கணக்கும் பொருந்தாது. இவ்வாறான வேளையில் பரிசோதனை விவசாயியின் சொந்தக் கேள்விக்கே விடையளிக்கின்றது. நம்பிக்கையை மீளக் கட்டியெழுப்ப இதனைவிடப் பொருத்தமான தருணம் இல்லை.

ஆகவே செய்ய வேண்டியவை யாவை? முதலாவது, காலம். பெரும்போகத்துக்கான மண் மாதிரி சிறுபோக அறுவடை முடிந்த கையோடு எடுக்கப்பட்டு, பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டத்துக்கு முன்னரே முடிவு விவசாயியின் கைக்கு எட்ட வேண்டும். விதைத்த பின்னர் வரும் அறிக்கை எவ்வளவு சரியானதாக இருந்தாலும் அந்தப் போகத்துக்கு அது வெறும் கடதாசியே.

இரண்டாவது, மொழியும் அளவும். திணைக்களத்தின் 2013 ஆம் ஆண்டின் சிபாரிசின்படி உலர் வலய நீர்ப்பாசன வயலில் மூன்றரை மாத நெல்லுக்கு ஹெக்டேயருக்கு 225 கிலோகிராம் யூரியா, 55 கிலோகிராம் ரீ.எஸ்.பி., 60 கிலோகிராம் எம்.ஓ.பி. எனப் பொதுவாகக் குறிப்பிடப்படுகின்றது. விவசாயியோ ஏக்கரிலும் அந்தரிலும் கணக்கிடுபவர். ஏக்கருக்கு யூரியா இரண்டு மூடைக்குச் சற்றுக் குறைவு, ரீ.எஸ்.பி. அரை மூடைக்கும் குறைவு என்று கூறினால் அது உடனே மனதில் பதியும். அறிக்கை தமிழில், ஒரே பக்கத்தில், எந்தப் பசளையை எந்த வாரத்தில் எத்தனை மூடை என்ற வடிவில் அமைய வேண்டும். அதனை விவசாயப் போதனாசிரியர் வயல் வரம்பில் நின்று விளக்க வேண்டும். போதனாசிரியர் ஒருவரின் பொறுப்பில் எத்தனை கிராமங்கள் உள்ளன என்பதைப் பார்த்தால், இதற்கு ஆளணி கூட்டப்படுவது அவசியம் என்பது விளங்கும்.

மூன்றாவது, கண்கூடான சான்று. முழு வயலையும் ஆலோசனையின்படி மாற்றுமாறு கேட்பது மிகப் பெரிய கோரிக்கை. ஒரு துண்டில் வழமையான முறையிலும் பக்கத்துத் துண்டில் பரிசோதனைச் சிபாரிசின்படியும் செய்து, அறுவடையை ஊரவர் முன்னிலையில் நிறுத்துக் காட்டினால் அது நூறு கருத்தரங்குகளுக்குச் சமம். சிபாரிசின்படி செய்த அத்துண்டில் நட்டம் ஏற்படின் அதனைத் திட்டமே ஈடுசெய்யும் என்ற உத்தரவாதமும் வேண்டும். ஆலோசனை கூறுபவர் ஆபத்திலும் பங்கேற்கும்போது அவரது சொல்லுக்கு எடை கூடுகின்றது.

நான்காவது, வயலில் உண்மையில் தீர்மானம் எடுப்பவரைச் சென்றடைவது. கிழக்கிலும் வன்னியிலும் பெருமளவு வயல்கள் குத்தகைக்கே செய்யப்படுகின்றன. நிலத்தின் உறுதி ஒருவரிடம், செய்கை இன்னொருவரிடம். அடுத்த போகத்தில் இந்த வயல் கிடைக்குமோ என்று அறியாதவர் அதன் மண்ணை நீண்டகால நோக்கில் பேணுவார் என எதிர்பார்க்க முடியாது. ஆகவே பரிசோதனைப் பதிவு வயலுக்கு உரியதாக இருந்து, யார் செய்கை பண்ணினாலும் அவரைச் சென்றடைய வேண்டும். கடனுக்குப் பசளை கொடுத்து அறுவடையில் வசூலிக்கும் கடைக்காரர்தான் பல ஊர்களில் உண்மையான ஆலோசகர். அவரைப் புறக்கணிக்காது, பயிற்சியளித்து இணைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம். கமக்காரர் அமைப்புகளும் ஆலய, பள்ளிவாசல் நிர்வாகங்களும் இப்பணியில் கைகோர்க்கலாம். ஒரே வாய்க்காலில் நீர் பாய்ச்சும் தமிழ், முஸ்லிம் விவசாயிகளுக்கு மண்ணின் பிரச்சினையும் பொதுவானது. தீர்வும் பொதுவானதாகவே அமைய வேண்டும்.

ஐந்தாவது, மானியத்தை ஆலோசனைக்கு எதிராக அன்றி அதனுடன் சேர்த்து இயக்குவது. 2024 ஆம் ஆண்டின் பிற்பகுதியில் நெல் விவசாயிகளுக்கான பசளை மானியப் பணம் ஹெக்டேயருக்கு 15,000 ரூபாவிலிருந்து 25,000 ரூபாவாக உயர்த்தப்பட்டது. மூடையாக அன்றிப் பணமாக வழங்கும்போது, தமது மண்ணுக்குத் தேவையானதை வாங்கும் சுதந்திரம் விவசாயிக்குக் கிடைக்கின்றது. ரீ.எஸ்.பி. தேவைப்படாதவர் அப்பணத்தில் நாக சல்பேற்றோ பொட்டாசோ வாங்கலாம். மண் பரிசோதனைக்கு உண்மையான பொருள் கிட்டுவது இச்சூழ்நிலையில்தான். ஆனால் அப்பணம் பசளை இடும் காலத்துக்கு முன்னர் வந்து சேர வேண்டும். காலம் தாழ்த்தி வரும் பணம் பழைய கடனைத்தான் தீர்க்கும். அதேவேளை, பரிசோதனை அறிக்கை இல்லாதவருக்கு மானியம் இல்லை என்று கட்டாயப்படுத்தும் யோசனைகளை நாம் ஏற்கவில்லை. கட்டாயம் எத்தகைய விளைவைத் தரும் என்பதற்கு 2021 போதுமான பாடம்.

மண் பரிசோதனை ஆலோசனை விவசாயியின் நடைமுறையை மாற்றுமா என்ற கேள்விக்கு, அந்த ஆலோசனையை வழங்குவோர் தமது நடைமுறையை மாற்றிக்கொள்வார்களா என்ற கேள்வியே முன்னிற்கின்றது. உரிய காலத்தில், உரிய மொழியில், அவரது வயலில் எடுத்த மண்ணைப் பற்றி, பிழைத்தால் பொறுப்பேற்கும் மனத்துடன் கூறப்படும் ஆலோசனையை எந்த விவசாயியும் தட்டிக்கழிக்கப் போவதில்லை. இவை எதுவுமின்றி அனுப்பப்படும் அறிக்கை, வீட்டுக் கூரைத் தாழ்வாரத்தில் செருகப்பட்டு அடுத்த மழையில் நனைந்து போகும். ஒரு போகத்தில் இழந்த விளைச்சலை மறு போகத்தில் மீட்கலாம். இழந்த நம்பிக்கையை மீட்கப் பல போகங்கள் செல்லும். அதற்கான முதல் விதைப்பை விவசாயத் திணைக்களமும் மாகாண நிர்வாகங்களும் எதிர்வரும் போகத்திலேயே ஆரம்பிக்க வேண்டும் என்பதே எமது வேண்டுகோளாகும்.